வெம்பிளியில் பிறக்கும் குடும்பப்பெயர்கள்

இங்கிலாந்தில் அபூர்வமான ஒரு குடும்பப்பெயரின் ஊரைத் தேடுவோர் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்ப்பது வழக்கம். ஓரிரு மாவட்டங்களில் மட்டும் அந்தப் பெயர் திரண்டிருந்தால், வேர் அங்கேதான் என்பது ஊகம். குடும்பப்பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் தந்தையிடமிருந்து மகனுக்குப் போவதால் இதைச் சோதித்துப் பார்க்கவும் முடியும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் டூரி கிங், மார்க் ஜாப்லிங் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் 40 குடும்பப்பெயர்களை எடுத்துக்கொண்டார்கள். அட்டன்பரோ போன்ற அபூர்வப் பெயர்க்காரர்களில் பெரும்பாலோர் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாகத் தெரிந்தார்கள். ஸ்மித்களிடையே அப்படி ஓர் உறவு தென்படவில்லை. ஸ்மித் என்றால் கொல்லர்; கொல்லர்கள் எல்லா ஊரிலும் இருந்தவர்கள் அல்லவா. ஆனால், அபூர்வப் பெயருக்கு ஒரே வேர் என்ற இந்த விதியை வடமேற்கு லண்டனின் வெம்பிளித் தமிழர்மீது வைத்துப் பார்த்தால் தவறான முடிவுதான் கிடைக்கும்.

1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து ஈலிங் ரோட்டைச் சுற்றிக் குடியேறியவர்கள் பலருக்குப் பரம்பரைக் குடும்பப்பெயர் கிடையாது. முன்னெழுத்தாகத் தகப்பன் பெயர் மட்டுமே உண்டு. கந்தையாவின் மகன் சிவகுமார் என்று வைத்துக்கொள்வோம். விண்ணப்பப் படிவத்தில் கந்தையா அவருடைய குடும்பப்பெயராகிவிடும். தன் பிள்ளைக்கு அவர் சிவகுமார் என்று பதிவார். தம்பியோ கந்தையாவையே தொடர்வார். பிள்ளைக்கு எந்தக் குடும்பப்பெயரையும் பதிய இங்கிலாந்துச் சட்டம் இடம் தருகிறது. விளைவு, ஒரே பேரனாரின் பேரப்பிள்ளைகளுக்கு இரண்டு குடும்பப்பெயர்கள். மறுபுறம், உறவே இல்லாத பல கந்தையாக்களின் வழிவந்தவர்கள் ஒரே பெயரில் நிற்பார்கள். ஜான்சன், ரிச்சர்ட்சன் போன்ற தகப்பன்வழிப் பெயர்கள் 1400 வாக்கில் இங்கிலாந்தில் நிலைபெற்றதும் இப்படித்தான். அன்று சில நூற்றாண்டுகள் பிடித்தது, இன்று வெம்பிளியில் இரண்டு தலைமுறைக்குள் நடக்கிறது.

காலப்போக்கில் பல கிளைகள் அற்றுப்போய், எஞ்சும் ஒவ்வொரு பெயரும் ஒரே வம்சமாகிவிடாதா என்று கேட்கலாம். பிரான்சிஸ் கால்ட்டனும் ஹென்றி வாட்சனும் 1874இல் காட்டிய கணக்கு அதுதான்: ஆண் வாரிசு இல்லாத கிளையோடு பெயரும் மறையும். கேள்வி நியாயமானது. ஆனால் அந்த வடிகட்டல் நடக்கப் பல தலைமுறைகள் வேண்டும். அதுவரை பெயர்கள் மாறாமல் நிற்கவும் வேண்டும். வெம்பிளியில் இரண்டுமே இன்னும் கூடவில்லை. ஆகவே நாளை வடமேற்கு லண்டனில் ஓர் அபூர்வத் தமிழ்ப் பெயர் திரண்டிருப்பதைக் காண்பவர், அதிலிருந்து குடியேற்றத்தைத்தான் அறியலாம், வம்சத்தை அல்ல. வம்சத்தை அறியப் பேரனாரின் முழுப்பெயரும் ஊரும் வேண்டும். அவற்றைச் சொல்லக்கூடிய மூத்தோர் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.