கறுப்புக் காயின் வெற்றி

சதுரங்கத்தில் முதல் நகர்வு வெள்ளைக் காய்களுக்கே உரியது. ஆதலாற் கறுப்புக் காய்களைப் பெற்றவன் ஆட்டந் தொடங்கும்போதே ஓரடி பின்னிற்கின்றான். தேர்ந்த ஆட்டக்காரரிடையே வெள்ளையின் வெற்றிகளே மிகுதி. எனினும், பெரிதும் போற்றப்படும் ஆட்டங்களுள் ஒன்று கறுப்பினால் வெல்லப்பட்டதாகும். அதன் நுட்பத்தை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

1956ஆம் ஆண்டு ஒக்டோபர் 17ஆம் நாள் நியூயோர்க் நகரில் அவ்வாட்டம் நிகழ்ந்தது. வெள்ளைக் காய்களை ஆடியவர் டொனால்ட் பேர்ண். 1953இல் அமெரிக்கத் திறந்த போட்டியில் வாகை சூடியவர். கறுப்பை ஆடியவர் 13 வயதினரான பொபி பிஷர்.

பேர்ண் தம் காலாட்களாற் பலகையின் நடுவிடத்தைக் கைப்பற்றினார். ஆனால் அரசனைக் கோட்டைக்குள் ஒதுக்கிக் காத்தாரல்லர். 11ஆம் நகர்விலும் முன்னரே வெளிப்போந்த மந்திரியையே மீண்டும் நகர்த்தினார். பிஷர் உடனே தம் குதிரையை, எதிரியின் குதிரை வெட்டத்தக்க ஓரக் கட்டத்தில் வைத்தார். அதனை வெட்டினால் நடுக்காலாள் வீழும். அரசனை நோக்கி வழியுந் திறக்கும். பேர்ண் வெட்டாது விலகினார். எனினும் அக்காலாள் தப்பவில்லை.

17ஆம் நகர்வில் பிஷரின் அரசி வெட்டுண்ணும் நிலையில் நின்றது. அவர் அதனைக் காவாது மந்திரியை முன்வைத்தார். அம்மந்திரியை வெள்ளை மந்திரி வெட்டின், வெள்ளையரசன் தன் கோட்டையாலேயே அடைபட்டுக் குதிரையால் மடிவான். ஆகவே பேர்ண் அரசியை வெட்டினார். அதன்பின் மந்திரியுங் குதிரையும் மாறி மாறி முற்றுகையிட, அரசன் இரு கட்டங்களிடையே அலைந்தான். அரசிக்கு ஈடாகப் பிஷர் பெற்றவை ஒரு கோட்டை, இரு மந்திரி, ஒரு காலாள். வெள்ளையின் மற்றைக் கோட்டையோ மூலையில் முடங்கிக் கிடந்தது. தோல்வி உறுதியான பின்னரும் பேர்ண் இடையில் விலகாது இறுதிவரை ஆடினார். 41ஆம் நகர்வில் இறுதி முற்றுகை நிகழ்ந்தது.

ஹான்ஸ் குமொக் என்னும் சதுரங்க எழுத்தாளர் இதனை ‘நூற்றாண்டின் ஆட்டம்’ எனப் போற்றினார். பிஷர் 1972இல் உலக வாகையுஞ் சூடினார்.

இவ்வாட்டத்தில் அரசியின் பலியே கண்ணைக் கவர்வது. ஆயினும் வெற்றிக்கு அடிகோலியது, தம் காய்கள் யாவற்றையும் பிஷர் ஒருங்கே தொழிற்படுத்தியமையேயாம். ஓர் அரசி தனித்து உலாவ, சிறு காய்கள் பல ஒன்றுக்கொன்று துணையாய் நின்று வென்றன. பிந்தித் தொடங்குவோன் பிந்தியே முடித்தல் வேண்டுமென்பதில்லை. முதலடி எதிரியினதாயினும், அவன் சோர்ந்த கணத்தை அறிந்து பயன்கொள்ளுதல் நம் கையிலுள்ளது. பலகை முன் அமரும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.