உயிரணுச் சுழற்சியில் 'இடைநிலை': ஒரு கலைச்சொல் விளக்கம்

உயிரணுவின் இரு பிளவுகளுக்கு இடைப்பட்ட காலம் இடைநிலை எனப்படும். நுண்ணோக்கியில் மாற்றம் புலப்படாமையின் முன்னைய அறிஞர் இதனை 'ஓய்வுநிலை' என்றனர். 1953இல் ஹோவர்டு, பெல்க் ஆகியோர் கதிரியக்கப் பாஸ்பரசைக் கொண்டு அவரையினச் செடியின் வேர்நுனிகளை ஆராய்ந்து, இந்நிலையின் ஒரு பகுதியில் மட்டுமே டி.என்.ஏ. உருவாகின்றது என நிறுவினர்.

அதன்வழி, உயிரணு வளரும் ஜி1, டி.என்.ஏ. இரட்டிக்கும் எஸ், பிளவுக்கு ஆயத்தமாகும் ஜி2 என இடைநிலை மூவகைப்படும். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பிளவுறும் மாந்த உயிரணுவில் இம்மூன்றும் ஏறத்தாழ 23 மணி நேரம் கொள்ளும்.

ஆகவே 'ஓய்வு' என்னும் பெயர் தோற்றத்தைச் சுட்டுமேயன்றிச் செயலைச் சுட்டாது. 'இடைநிலை' என்பதே ஏற்புடைத்து. பகுபதத்தில் பகுதிக்கும் விகுதிக்கும் இடையே நின்று காலங்காட்டும் உறுப்பைப் போல, இதுவும் இடையே நின்று வினைபுரிவதாகும்.