பெயர் கூறும் யந்திரமும் செடியறியும் கல்வியும்

ஏற்காட்டிலிருந்து கரடியூர்ப் பக்கம் காப்பித் தோட்டங்களினூடே நடப்போர்க்கு நிழல் மரங்களும், அவற்றைப் பற்றியேறும் மிளகுக் கொடிகளும், வேலியோரத்துப் பூண்டுகளும் இடைவிடாது தென்படும். முன்னாளில் இவற்றுள் ஒன்றன் பெயரை அறிய விரும்பிய மாணவன், பூவும் இலையும் கூடிய கிளையொன்றைக் கொய்து வந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து, நூலைப் புரட்டுவான். இந்நாளிலோ கைப்பேசியால் ஒரு படம் பிடித்தால் அமையும். இமைப்பொழுதில் பெயர் வந்து நிற்கிறது. அங்ஙனமாயின் தாவர நூலைப் பல்லாண்டு பயில்வது எற்றுக்கு என நம் மாணவர் சிலர் வினவுகின்றனர். இவ்வினா எள்ளத்தக்கதன்று. இளமையில் மூன்றாண்டைச் செலவிடுவோன் அதனைக் கேட்க உரிமையுடையான்.

முதற்கண் அவ்யந்திரத்தின் அறிவு யாதென ஆராய்வோம். பிரான்சு நாட்டு ஆராய்ச்சி நிலையங்கள் 2009-ஆம் ஆண்டில் தொடங்கி, 2013-இல் கைப்பேசிக்கென வெளியிட்ட 'பிளான்ட்நெட்' என்பதனையே எடுத்துக்கொள்வோம். செயற்கை அறிவால் இயங்கும் இது, செடிகளின் இலக்கணத்தை ஓதியுணர்ந்ததன்று. மனிதர் முன்னரே பெயரிட்டு வைத்த எண்ணிறந்த படங்கள் அதற்குக் காட்டப்படுகின்றன. நிறம், விளிம்பு, நரம்போட்டம் ஆகியவற்றை அது எண்களாக்கி, தான் கூறும் பெயர் தவறுந்தோறும் தன் கணக்கினைச் சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கிறது. பின்னர்ப் புதுப்படம் ஒன்றைக் கண்டால், ஒப்புமை மிக்க பெயரை முதலில் உரைக்கிறது. ஆகவே அதன் வாணிகத்திற்கு முதற்பொருள், பெயரிட்ட மனிதர் ஈட்டிய அறிவே.

நம் மலைச்செடிகளைப் பொறுத்தவரை அம்முதலை ஈட்டியவர் யாவர்? காம்பிள் என்பார் சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றி 1915-இல் வெளியிடத் தொடங்கிய நூல், 1925-இல் அவர் மறைந்த பின்னர் ஃபிஷர் என்பாரால் தொடரப்பெற்று 1936-இல் முற்றுப்பெற்றது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியராயிருந்த ஃபைசன், தென்னிந்திய மலை நகரங்களின் தாவரங்களைப் பற்றி 1932-இல் வெளியிட்ட நூலில் ஏற்காட்டையும் சேர்த்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர்தாவர நிலையத்தை நிறுவிய இயேசு சபைத் துறவியார் கே. எம். மாத்யூ, தமிழ்நாட்டுக் கர்நாடகப் பகுதியின் தாவரங்களைத் தொகுத்து 1980-களில் பல பகுதிகளாக வெளியிட்டார். கல்லூரி ஆசிரியர்களின் உழைப்பு இதனுள் எத்துணை என்பதனை நம்போன்றோர் நினைந்து சிறிது பெருமை கொள்வதில் பிழையில்லை.

நிற்க. படங்கள் மலிந்த செடியை யந்திரம் நன்கறியும். படங்கள் அரிதாகிய செடியிடத்துத் தடுமாறும். காம்பிள் பெயரிட்ட 'வெர்னோனியா ஷெவராயென்சிஸ்' என்னும் சிறுமரம் இம்மலையின் பெயரையே தாங்கியது; மிகச் சிற்றெல்லைக்குள் மட்டும் வாழ்ந்து அருகிவருவது. இத்தகையதொன்றை, எங்கும் காணப்படும் அதன் இனத்தான் ஒன்றன் பெயரால் யந்திரம் அழைத்துவிடின், அதனை வெட்டுவோன் கைக்கு யார் தடை சொல்வார்? காக்கப்படவேண்டிய செடி எதுவோ, அதனிடத்தே யந்திரத்தின் பிழையும் மிகுதியாக நேரக்கூடும். இம்மலையின் பழங்குடியினராகிய மலையாளிகள் (கேரளத்தார் அல்லர்) பட்டையை முகர்ந்தும் இலையைக் கசக்கியும் செடியறிவர். முகரும் மூக்கும் கசக்கும் விரலும் படத்திற்கு இல்லை.

பிறிதொன்றும் உண்டு. செங்காந்தள் மலரை அறியாதார் இலர். அது நம் மாநில மலர். அதன் கிழங்கில் கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சுள்ளது. இலங்கையில் அக்கிழங்கைச் சர்க்கரைவள்ளிக் கிழங்கென மயங்கி உண்டு மாண்டோர் உளர். மண்ணிலிருந்து தோண்டிய கிழங்கின் படத்தைப் பார்த்து யந்திரம் ஒரு பெயர் சொல்லுமாயின், அச்சொல்லை நம்பி அடுப்பில் ஏற்றலாமா? பிழைத்தபோது பொறுப்பேற்க யந்திரத்தால் இயலாது. 'இது இன்னதே, இன்ன காரணத்தால்' என்று கையெழுத்திட வல்லவர்க்கு இனி மதிப்பு ஏறுமேயன்றிக் குறையாது என்பது நம் கருத்து.

ஆயினும் யந்திரத்தைப் பழித்தலே நம் நோக்கமன்று. நூறு பெயர்களை நெட்டுருப்பண்ணித் தேர்வில் ஒப்பித்த பழைய பயிற்சி மதிப்பிழந்தது. அதன் பொருட்டு நாம் வருந்தவில்லை. நாம் அஞ்சுவது வேறு. தேர்ந்த தாவர அறிஞர் எவரும் எடுத்த எடுப்பில் அரிய செடியை அறிந்தாரல்லர். தும்பையையும் துத்தியையும் பன்முறை தவறாகப் பெயரிட்டு, ஆசிரியரால் திருத்தப்பெற்றே கண் தெளிந்தார். அவ்வெளிய வேலையை முழுவதும் யந்திரத்தினிடம் விட்டுவிட்டால், ஏணியின் கீழ்ப்படிகள் நீங்கிவிடும். மேற்படியில் நின்று யந்திரத்தைத் திருத்துவோர் எங்கிருந்து தோன்றுவர்?

ஆதலின் நம் தாவரவியல் மாணவர் மலையேறும்போது ஒரு முறையைக் கைக்கொள்ளலாம். குறிப்பேட்டில் முதலில் தாம் கருதிய பெயரையும், இலையடுக்கு, மகரந்தக் கேசரங்களின் எண்ணிக்கை, சூலறையின் அமைப்பு முதலிய காரணங்களையும் எழுதுக. அதன் பின்னரே கைப்பேசியை எடுக்க. இரண்டும் மாறுபட்ட இடத்தில் எதனையும் அடித்துவிடாது, அச்செடியினிடமே மீண்டும் சென்று, பூவொன்றைக் கீறிப் பார்க்க.