மலைக்குப் பறந்து வரும் சாப்பாடு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வால்ஹல்லா என்றொரு பழைய தங்கச் சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே தொடங்கி ஆல்பைன், கொசியஸ்கோ, நமட்ஜி எனப் பெரும்பாலும் தேசியப் பூங்காக்கள் வழியாக ஏறி இறங்கி, கான்பெராவுக்கு அருகில் முடிகிறது 'ஆஸ்திரேலியன் ஆல்ப்ஸ் வாக்கிங் டிராக்'. நீளம் சுமார் 650 கிலோமீட்டர். முழுவதும் நடக்க ஐந்து முதல் எட்டு வாரம் ஆகும். வழியில் மளிகைக் கடை கிடைப்பது அபூர்வம் என்பதால், பலர் கிளம்பும் முன்பே காரில் போய், இறுக மூடிய டிரம்களில் உணவை நிரப்பிப் பாதையோரத்தில் ஆங்காங்கே மறைத்து வைத்துவிட்டு வருகிறார்கள். கீழேயிருந்து சாப்பாடு வந்தால்தான் மேலே நடக்க முடியும். அந்த மலையில் வாழும் உயிர்கள் பலவற்றுக்கும் இதே நிலைமைதான்.

ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் பனி யூகலிப்டஸ் மரங்கள் நின்றுபோகின்றன. அதற்கு மேல் புல்லும் கிரானைட் பாறைகளும்தான். டிசம்பர், ஜனவரி மாதக் கோடையில் அங்குள்ள பாறையிடுக்குகள் சிலவற்றில் டார்ச் அடித்துப் பார்த்தால், சுவர் முழுக்கப் பழுப்பு நிறத்தில் செதில் செதிலாகத் தெரியும். அத்தனையும் போகாங் அந்துப்பூச்சிகள். முன்னால் இருக்கும் பூச்சியின் சிறகுக்கு அடியில் தலையைச் செருகி, ஓட்டுக்கூரையின் ஓடுகளைப் போல அடுக்கடுக்காக ஒட்டியிருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 17,000 வரை இருக்கும் என்பது கணக்கு.

இவை பிறப்பது மலையில் அல்ல. தெற்கு குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளில். நீலகிரி உருளைக்கிழங்குத் தோட்டங்களில் இளஞ்செடியை அடியோடு வெட்டிச் சாய்க்கும் வெட்டுப்புழுவும் இதே பேரினம்தான். வசந்தத்தில் கூட்டுப்புழுவிலிருந்து வெளிவரும் பூச்சி, சமவெளியின் வெயிலுக்குத் தப்பி, இரவுகளில் மட்டும் பறந்து, 1,000 கிலோமீட்டர் தொலைவு வரைகூட வருகிறது. குளிர்ந்த குகையில் கோடை முழுவதும் உறங்கிவிட்டு, இலையுதிர் காலத்தில் பிறந்த மண்ணுக்கே திரும்பி, முட்டையிட்டுச் செத்துப்போகிறது. வழிகாட்டப் பெற்றோர் இல்லை. முன்பின் பார்த்திராத மலையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் வாரண்ட் குழுவினர் இதற்கு விடை தேடினார்கள். பூமியின் காந்தப்புலத்தை இப்பூச்சிகள் உணர்வதை 2018இல் காட்டினார்கள். பிறகு, காந்தப்புலத்தை நீக்கிய அறைக்குள் செயற்கை இரவு வானத்தைக் காட்டிப் பார்த்தார்கள். விண்மீன்களை மட்டும் வைத்தே பூச்சிகள் சரியான திசையில் பறக்க முயன்றன. வானத்தை அப்படியே பாதிச் சுற்று திருப்பியதும் அவையும் எதிர்த்திசைக்குத் திரும்பின. விண்மீன்களைக் கலைத்துப் போட்டதும் திசை தெரியாமல் தடுமாறின. 2025இல் வெளியான இந்த முடிவை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது. நெடுந்தூரப் பயணத்துக்கு விண்மீன்களைத் திசைகாட்டியாகக் கொள்ளும் பூச்சி வேறொன்று அதுவரை அறியப்படவில்லை.

உடலெல்லாம் கொழுப்போடு வரும் இந்தப் பூச்சியை மனிதர்களும் உண்டார்கள். குனைகுர்னை பழங்குடி மக்களின் நிலத்திலுள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைய அரைகல்லில் இதன் எச்சம் ஒட்டியிருந்தது.

இந்தப் பூச்சியை நம்பி உயிர் வளர்ப்பதில் முதலிடம் மலைக் குள்ளப் போசத்துக்கு. உள்ளங்கையில் அடங்கும் பைப்பாலூட்டி. எடை சுமார் 45 கிராம். 1895இல் ராபர்ட் புரூம் புதைபடிவமாக மட்டுமே விவரித்த இந்த விலங்கு, 1966இல் ஹோத்தம் மலையின் பனிச்சறுக்கு விடுதி ஒன்றில் உயிரோடு கிடைத்தது. பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கி, வசந்தத்தில் எலும்பும் தோலுமாக எழும் வேளையில்தான் பூச்சிகள் வந்து சேர்கின்றன.

2017 முதல் சமவெளியில் கடும் வறட்சி. புழுக்களுக்குத் தீனி இல்லை. வருகிற பூச்சிகள் மிக வேகமாகக் குறைந்தன. சில இடங்களில் தாய்ப் போசங்களின் பைக்குள்ளேயே குட்டிகள் இறந்தன. விக்டோரியா உயிரியல் பூங்காக்கள் இவற்றுக்கென்றே சத்து பிஸ்கட் தயாரித்தன. 2021இல் அந்துப்பூச்சியும் உலக அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது. பின்னர் வந்த மழையால் எண்ணிக்கை ஓரளவு மீண்டிருக்கிறது.

650 கிலோமீட்டர் பாதை செல்லும் மலையின் பெரும்பகுதியைத் தேசியப் பூங்காவாக்கிக் காப்பாற்றியிருக்கிறார்கள், பெரிய காரியம். ஆனால் புழு வளரும் வயல்கள் அந்த எல்லைக்கு வெகு தொலைவில், பருத்திக்கும் கோதுமைக்கும் நடுவில் இருக்கின்றன. அங்கே தெளிக்கும் மருந்தும், வழியிலுள்ள நகரங்களின் இரவு விளக்குகளும் மலைப்பூங்காவின் சட்டத்துக்குள் வருவதில்லை. வசந்த இரவுகளில் வீட்டுக்கு வெளியே எரியும் விளக்குகளை அணைக்கச் சொல்லி இப்போது மக்களிடம் கேட்கிறார்கள்.