சீட்டு மாத்திரையும் சும்மா வாங்கும் மாத்திரையும்

“ராத்திரி பொட்டுத் தூக்கமில்லே. கடையிலே ஒரு மாத்திரை வாங்கியாங்க.” பல வீடுகளில் கேட்கும் பேச்சுதான். கணவரும் வாங்கி வருகிறார். அது என்ன மாத்திரை என்று இருவரில் யாருக்காவது தெரியுமா?

மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு கேட்காமல் கொடுப்பது பெரும்பாலும் தூக்க மாத்திரையே அல்ல. தும்மல், அரிப்புக்கான மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பார்த்தால் பெனிரமின், குளோர்பெனிரமின் என்று ஏதாவது போட்டிருக்கும். தூக்கம் வருவது அதன் பக்க விளைவு. (ஜலதோஷத்துக்கு விழுங்கிவிட்டுச் சொக்கிப்போய் உட்கார்ந்திருப்போமே, அதேதான்.) சில நாளிலேயே உடம்பு பழகிவிடும். அப்புறம் தூக்கம் வராது. வாய் வறட்சியும் காலை மந்தமும்தான் மிஞ்சும். வயதான ஆண்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. சீட்டு கேட்கவில்லை என்பதால் தீங்கில்லாதது என்று எண்ணிவிடாதீர்கள்.

டயசிபாம், அல்பிரசோலம் போன்றவைதான் உண்மையில் சீட்டு மாத்திரை. 2014 மார்ச் முதல் இவற்றை விற்கும் கடைக்காரர், டாக்டர் பெயரையும் நோயாளி பெயரையும் பதிவேட்டில் எழுதி 3 வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். காரணமில்லாமல் இல்லை. வாரக்கணக்கில் சாப்பிட்டால் அது இல்லாமல் தூங்க முடியாது என்றாகிவிடும். திடீரென்று நிறுத்தினால் நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். டாக்டர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். சாராயம் குடித்த வயிற்றில் இதைப் போட்டால் மூச்சே அடங்கிப் போகலாம்.

நாங்கள் அதிகம் கவலைப்படுவது வேறொன்றைப் பற்றி. கணவருக்கு எழுதிக் கொடுத்த அட்டையில் மனைவி பாதி கிள்ளிப் போட்டுக்கொள்வது! அவர் கர்ப்பமாக இருந்தால் வயிற்றிலுள்ள சிசுவுக்கும் மருந்து போகும். பால் கொடுப்பவரானால் டயசிபாம் பாலில் கலந்து, குழந்தை குடிக்காமல் சொக்கிக் கிடக்கும். மருந்து மயக்கத்தில் பச்சைக் குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதும் ஆபத்து. புரண்டு படுத்தால் தெரியாது.

பிரசவமான தாய், குழந்தை தூங்கும்போதும் கண்மூடாமல், காரணமின்றி அழுதுகொண்டிருந்தால், கணவர் கடைக்கு ஓட வேண்டாம். அது மனச்சோர்வாக இருக்கலாம், குணமாகக்கூடியது. கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள், அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டி வாருங்கள். ராத்திரி நேரமென்றால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். வரும்போது வீட்டில் கிடக்கும் மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்து வாருங்கள்.