பஸ் பிரயாணமும் நமது பண்பாடும்



அக்குறணையில் காலை ஆறரை மணிக்கு வீதியோரம் ஒருமுறை நின்று பாருங்கள். மாத்தளைப் பக்கமிருந்து கண்டிக்குப் போகும் பஸ்கள் அங்கு வந்து சேரும்போதே பாதிக்கு மேல் நிரம்பியிருக்கும். பாடசாலைப் பிள்ளைகள், கண்டி ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போகும் நோயாளிகள், கந்தோருக்கும் கடைக்கும் வேலைக்குப் போவோர் என ஒரு கூட்டம் காத்திருக்கும். பஸ்ஸோ தரிப்பிடத்தில் நிற்காது. இருபது யார் தள்ளிப் போய் நிற்கும். அவ்வளவுதான், எல்லோரும் ஓட்டம். புத்தகப் பை ஒரு பக்கம் இடிக்கும், குடைக் கம்பி மறுபக்கம் குத்தும். இறங்குபவர் இறங்க முன்னரே ஏறுபவர் மிதிபலகையில் கால் வைத்துவிடுவார். கைக்குழந்தையோடு நிற்கும் தாயும், முழங்கால் வருத்தமுள்ள மூதாட்டியும் அடுத்த பஸ்ஸை எதிர்பார்த்து நிற்பார்கள். அடுத்த பஸ்ஸிலும் இதே கதைதான்.

கொண்டக்டர்மாரைக் குறை சொல்லத் தொடங்கினால் இந்த இதழின் பக்கங்கள் போதாது. கடைசியாக ஏறுபவரின் இரண்டாவது கால் தரையில் இருக்கும்போதே "ஹரி, யங்!" என்ற குரல் கேட்கும். மிச்சக்காசு "பிறகு தாறன்" என்பதோடு முடிந்துவிடும். இதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. 1958 ஜனவரி 1ஆம் திகதி நமது நாட்டின் பஸ் சேவை அரசுடைமையாக்கப்பட்டது. எழுபதுகளின் இறுதியில் தனியார் பஸ்களுக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. தனியார் பஸ்களில் பெரும்பாலும் அன்றைய வசூலை வைத்தே சாரதியும் கொண்டக்டரும் சம்பாதிக்கிறார்கள். முன்னால் போகும் பஸ் ஆட்களை அள்ளிக்கொண்டு போனால் பின்னால் வருபவருக்குக் கை வெறுமை. அதனால்தான் ஓரிடத்தில் ஊர்வதும், மறு இடத்தில் பறப்பதும். காரணம் புரிகிறது என்பதற்காக அந்த ஓட்டம் சரியென்றாகிவிடாது.

ஆனால் இன்று நான் எழுத வந்தது அவர்களைப் பற்றியல்ல, நம்மைப் பற்றி. முதலில் என்னைப் பற்றியே சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் காலை. தொப்பியும் தாடியுமாக நான் ஏறியதைக் கண்ட கொண்டக்டர், மதகுருமாருக்கென ஒதுக்கப்பட்ட முன் ஆசனத்தைக் காட்டினார். மரியாதை கிடைத்ததில் மனதுக்கு ஒரு திருப்தி. உட்கார்ந்து, அன்றைய பாடக் குறிப்பைப் பார்க்கத் தொடங்கினேன். அடுத்த தரிப்பிடத்தில் அபாயா அணிந்த ஓர் இளம் பெண் ஏறி எனதருகில் கம்பியைப் பிடித்து நின்றார். ஓரக்கண்ணில் தெரிந்தது. 'பின்னால் இடமிருக்கும்' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு குறிப்பில் கண்ணை வைத்திருந்தேன். ஒரு வளைவில் சாரதி சடுதியாகப் பிரேக் போட்டார். அந்தப் பெண் கம்பியோடு மோதி, ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். மற்றக் கையில் கர்ப்பிணித் தாய்மாருக்குக் கொடுக்கும் கிளினிக் காட்.

நான் எழும்ப முன்னரே பின்னாலிருந்து ஒரு குரல்: "தாத்தா, இங்க வந்து இருங்க." திரும்பிப் பார்த்தேன். எனது பாடசாலையில் ஒன்பதாம் வகுப்பு மாணவன். அல்லாஹ்வின் அருளால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்று முதலாம் பாடவேளை எனக்கு அந்த வகுப்பில்தான். பாடம், நற்குணங்கள்! நான் எப்படிப் படிப்பித்திருப்பேன் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸபிய்யா (ரழி) அவர்கள் ஒட்டகத்தில் ஏறுவதற்காக, நபி (ஸல்) அவர்கள் ஒட்டகத்தின் அருகே அமர்ந்து தமது முழங்காலை வைத்தார்கள். அதன்மீது கால் வைத்து அன்னையவர்கள் ஏறினார்கள். புகாரி கிரந்தத்தில் பதிவான செய்தி இது. ஒரு படைக்குத் தலைமை தாங்கி வந்தவர், அத்தனை பேர் பார்த்திருக்க, ஒரு பெண் வாகனம் ஏறத் தமது முழங்காலைப் படியாக்கினார்கள். நான் ஓர் ஆசனத்தை விட்டு எழும்பத் தயங்கினேன்.

ஆசனம் ஒதுக்கும் பலகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 'தாய்மார்' என்ற சொல்லில் ஓரெழுத்துப் பிழைத்து நாயாகிப் போன தமிழ்ப் பலகையின் படத்தைப் பார்த்துப் பலரும் சிரித்திருப்போம். பலகையில் எழுத்துப் பிழைத்ததற்குச் சிரிக்கிறோம். அதன் கீழே திடகாத்திரமான ஓர் ஆண் நித்திரை போலக் கண்ணை மூடியிருப்பதை யாரும் பிழையென்று சொல்வதில்லை.

சகோதரிகளே, உங்கள் பக்கத்திலும் சில விடயங்கள் உண்டு, கோபிக்க வேண்டாம். யன்னலால் கைலேஞ்சியைப் போட்டு இடம் பிடிப்பது, பக்கத்து ஆசனத்தில் கைப்பையை வைத்துக்கொண்டு வெளியே வேடிக்கை பார்ப்பது, மிதிபலகையிலேயே நின்று ஆயிரம் ரூபாய்த் தாளைத் தேடுவது எல்லாம் நாம் அறிந்தவைதான். எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்லி டிக்கட் காசை மிச்சம் பிடிப்பது. மடியிலிருக்கும் பிள்ளை "இல்ல உம்மா, எனக்கு..." என்று தொடங்க, தாய் தொடையில் கிள்ளுவதை நானே கண்டிருக்கிறேன். மத்ரஸாவில் நாங்கள் ஒரு வருடம் சொல்லிக் கொடுப்பதை அந்த ஒரு கிள்ளு அழித்துவிடும்.

இனி, "உள்ளே போங்க, உள்ளே இடமிருக்கு" என்று கொண்டக்டர் கத்தினாலும் நம் பெண்கள் முன் வாசலை விட்டு நகராமல் நிற்பதைப் பற்றி. முன்பு நானும் இதைப் பிடிவாதமென்றே நினைத்தேன். ஏறுபவருக்கு வழி விடாதது தவறுதானே என்று வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். எனது மனைவிதான் ஒரு நாள், "உள்ளுக்குப் போனா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியாது" என்றார். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எனக்கும் கேட்க வாய் வரவில்லை.

ஐக்கிய நாடுகள் சனத்தொகை நிதியம் 2015இல் நமது நாட்டில் நடத்திய ஆய்வில், பஸ்ஸிலும் ரயிலிலும் ஒருமுறையாவது பாலியல் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். அவர்களில் பொலிஸின் உதவியை நாடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே. மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டதன் பின்னர், இது ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம். பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம் 1938. இவற்றை உங்கள் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? எங்கள் பாடசாலையில் உயர்தரம் படித்த ஒரு மாணவி திடீரென்று கண்டி வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டாள். தலைவலி என்றார்கள். பிறகுதான் தெரிந்தது, பஸ்ஸில் ஒருவனது தொந்தரவு. பிள்ளை உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். உம்மா வாப்பாவிடம் சொன்னார். வாப்பாவின் தீர்ப்பு, "இனி வகுப்பும் வேணாம், ஒண்டும் வேணாம்." குற்றம் செய்தவன் அடுத்த நாளும் அதே பஸ்ஸில் போயிருப்பான். தண்டனை பிள்ளைக்கு! இப்படியென்றால், அவளுடைய தங்கை நாளைக்கு வீட்டில் வாய் திறப்பாளா?

வாப்பாவோடு இரண்டு தடவை பேசினேன். முதல் தடவை எழும்பிப் போய்விட்டார். இரண்டாம் தடவை அன்ஜஷாவின் கதையைச் சொன்னேன். அவர் ஒட்டகங்களைப் பாடி ஓட்டுபவர். அவரது பாட்டுக்கு ஒட்டகங்கள் வேகமெடுத்தபோது, மேலே பெண்கள் இருக்கிறார்கள், கண்ணாடிப் பாத்திரங்களைப் போல் கவனமாகக் கொண்டு போக வேண்டுமென நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஓட்டுபவரைத்தான் திருத்தினார்கள், பெண்களை இறங்கி வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. வாப்பா ஒன்றும் பேசவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு, "உம்மாவும் கூடப் போகட்டும்" என்றார்.

முதல் இரண்டு கிழமை உம்மா கூடப் போனார். மூன்றாம் கிழமை அவள் தோழிகள் இருவரோடு சேர்ந்து போனாள். ஒரு நாள் மீண்டும் எவனோ நெருக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். இந்தமுறை அவள் பஸ் முழுக்கக் கேட்கும்படி, "டிக்கக் அயின் வென்ன!" என்று சிங்களத்தில் சொல்லியிருக்கிறாள். அவன் அடுத்த தரிப்பிடத்தில் இறங்கிவிட்டான். முன் ஆசனத்தில் இருந்த வயோதிப சிங்கள மாது, தனது மரக்கறிக் கூடையை மடிக்கு எடுத்துக்கொண்டு, "மெஹாட்ட என்ன துவ" என்று பக்கத்தில் இடம் கொடுத்தாராம்.