வெள்ளாமைக் காவல் – 11: நாலு வகைத் துப்பாக்கியும் ஒரே வேட்டும்

தமிழ்நாட்டின் காட்டுப்பன்றி அரசாணையின் மூன்று எல்லைகளைப் போன வாரமே பார்த்துவிட்டோம். காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறையினர் சுடலாம். 2025 ஜனவரியில் வந்த முடிவு. சுடுவதென்றால் எந்த வகைத் துப்பாக்கியால் என்பது இந்த வாரத்துக்குச் சொல்லிவைத்த பாடம்.

தோட்டா எப்படி உள்ளே போகிறது, வெடிக்கும்போது குழலின் பின்வாய் எதனால் அடைபட்டு நிற்கிறது, காலிக்கூடு எப்படி வெளியே வருகிறது என்பதைக் கொண்டுதான் வகை பிரிக்கிறார்கள். குழலை மடக்கிக் கையால் தோட்டா போடுவது ஒன்று. கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, முன்னே தள்ளிப் பூட்டும் போல்ட் ஆக்‌ஷன் இரண்டாவது. விசைக்குக் கீழே இருக்கும் வளையத்தை இறக்கி ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் மூன்றாவது. வெடித்த வேகத்தையே வாங்கிக்கொண்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றும் செமி ஆட்டோமேட்டிக் நான்காவது.

அமெரிக்காவில் மேய்ச்சல் நிலத்தைத் தோண்டிப் போடும் பிரெய்ரி நாய் என்ற சிறு பிராணியைத் தொலைவிலிருந்து சுடுபவர்கள் போல்ட் ஆக்‌ஷனை விரும்புகிறார்கள். அசையும் உறுப்புகள் குறைவு, பூட்டு இறுக்கம், குண்டு சொன்ன இடத்துக்குப் போகும். இரண்டு மூன்றாகச் சேர்ந்து ஓடிவரும் கொயோட்டி என்ற ஓநாய் இனத்தைச் சுடுபவர்களில் பலர் செமி ஆட்டோமேட்டிக்கை எடுக்கிறார்கள். அடுத்த குண்டு அங்கே சீக்கிரம் வேண்டும்.

நம் பக்கத்திலும் இரண்டு வழிகள் உண்டு. ஜவளகிரி ஆட்கொல்லிப் புலியின் கதையை எழுதிய கென்னத் ஆண்டர்சன், இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளில் கொண்டு நடந்தது .405 வின்செஸ்டர். ஜான் பிரௌனிங் வடிவமைத்த 1895 மாடல் லீவர் ஆக்‌ஷன். வடக்கே ஜிம் கார்பெட் 1926 மே 2 அன்று ருத்ரபிரயாகைச் சிறுத்தையை வீழ்த்தியது .275 ரிக்பியால், மௌசர் பூட்டு கொண்ட போல்ட் ஆக்‌ஷன். அரசுக் கணக்குப்படி 125 பேரைக் கொன்றிருந்த சிறுத்தை அது. இருட்டில் ஒரே வேட்டில் முடிந்தது.

ஆண்டர்சனின் லீவரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பழைய லீவர் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டு போட்டால், துப்பாக்கி அதிரும்போது அந்த முனை முன்னால் இருக்கும் தோட்டாவின் கேப்பைக் குத்தி வெடிக்க வைத்துவிடும் என்ற பயம். அதனால் மழுங்கிய முனைதான் போடுவார்கள். பிரௌனிங் 1895இல் அந்தக் குழாயை எடுத்துவிட்டு, போல்ட் துப்பாக்கி போலப் பெட்டியில் தோட்டாவை அடுக்கினார். பெரிய தோட்டாவும் கூர்முனையும் லீவர் துப்பாக்கிக்குள் வர வழி பிறந்தது அப்படித்தான்.

பழனி பக்கத்துத் தொப்பம்பட்டியில் மக்காச்சோளம் போட்டவருக்கு இந்த நாலில் எது கிடைக்கும்? 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பயிர்ப் பாதுகாப்புக்கென்று கேட்பவருக்கு முதலில் காட்டுவது இந்த நாலிலும் சேராத, குழல்வாய் வழியாகக் கெட்டிக்கும் துப்பாக்கி. அது போதாது என்று உரிமம் வழங்கும் அதிகாரி கருதினால்தான் வேறு வழவழப்புக் குழல் துப்பாக்கி. கரிமருந்தைக் கொட்டி, அடைத்து, ரவையைப் போட்டு, மறுபடி அடைத்து, கேப் வைத்து ஒரு வேட்டு. பனியில் மருந்து நமத்தால் அந்த ஒன்றும் இல்லை. அந்த உரிமம் கையில் இருந்தாலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பன்றியைச் சுட்டால் குற்றம். துப்பாக்கிக்கு ஒரு சட்டம், பன்றிக்கு ஒரு சட்டம். இரண்டுக்கும் நடுவில் இரவெல்லாம் தகரம் தட்டுகிறார் விவசாயி.

இந்த வாரம் என்னைத் தூங்கவிடாமல் செய்தது .315 என்ற எண். நம் நாட்டில் தனியார் உரிமத்தில் வாங்கக்கூடிய பெரிய ரைபிள் என்றால் பலருக்கும் அதுதான் ஞாபகம் வரும். மேற்கு வங்கத்தின் இச்சாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்தது. ஏன் .315? பட்டாளத்தின் அளவு .303. பட்டாளத் தோட்டா ஊருக்குள் புழங்கக் கூடாது என்பது வெள்ளைக்காரன் காலத்துக் கவலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் .450 அளவையும் இந்தியாவில் தடுத்தார்கள்; எல்லைப்புறப் போராளிகளின் கையில் இருந்த மார்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கு அது உதவிவிடும் என்ற அச்சம். யானையும் புலியும் சுடப் பெரிய துப்பாக்கி விற்றுவந்த லண்டன் கம்பெனிகள் சந்தையை விட மனமில்லாமல் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கின. ஆப்பிரிக்காவில் பேர் வாங்கிய அந்த .470 பிறந்தது நம் நாட்டு ஆயுதத் தடையால்!

.315இன் கதையும் அதே வழிதான். ஆஸ்திரியாவின் மான்லிச்சர் ராணுவத் தோட்டாவை எடுத்து, பர்மிங்காம் பி.எஸ்.ஏ. கம்பெனி இந்தியச் சந்தைக்காக லீ வகை ரைபிளில் பொருத்தியது. சுதந்திரத்துக்குப் பிறகு இச்சாப்பூரும் அதே தடத்தில் போனது. ஆகவே .315 ரைபிளின் போல்ட்டை இழுப்பவர், இரண்டு உலகப்போர்களில் சிப்பாய்கள் இழுத்த லீ என்ஃபீல்டு பூட்டைத்தான் இழுக்கிறார். 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இன்றும் .303 தடைப் பட்டியலில் இருக்கிறது. செமி ஆட்டோமேட்டிக் ரைபிளும் அங்கேதான். நாலு வகையில் ஒன்றைச் சட்டமே கழித்துவிட்டது.

மிச்சம் உள்ளதில் என் தேர்வு போல்ட் ஆக்‌ஷன். காரணம் தொப்பம்பட்டியின் நிலம். பழனி மலையடிவாரம் தாண்டியதும் தரை சமம்; தோட்டத்துக்குத் தோட்டம் சாளை, மாட்டுக்கொட்டகை, இரவில் மோட்டார் போட வரும் ஆள். குறி தவறிய ரைபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகும். அடுத்த வேட்டு தானாக ஏறி நிற்கும் துப்பாக்கி இங்கே ஆபத்து. போல்ட்டைக் கையால் இழுக்கும் அந்த ஒரு நொடியில் சுடுபவர் பன்றிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று மறுபடி பார்க்க முடியும். முதல் வேட்டும் துல்லியமாக விழும். காயம்பட்ட பன்றி சோளக்காட்டுக்குள் புகுந்து, விடிந்ததும் களையெடுக்க வரும் பெண்கள்மேல் பாயாது.

கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அனுமதி தரும் அதிகாரத்தைக் கொடுத்து, உரிமம் உள்ள உள்ளூர்க்காரர்களைச் சுட வைத்தது. தமிழ்நாடு வனத்துறையிடமே வைத்துக்கொண்டது. நான் தமிழ்நாட்டின் பக்கம். ஆனால் கையில் துப்பாக்கி தரப்படும் வனக்காவலருக்கு இரவில், விளக்கு வெளிச்சத்தில், அசையும் இலக்கைச் சுடும் பயிற்சி தொடர்ந்து தர வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்காமல் ஆணை மட்டும் போட்டால், அவுட்டுக்காய் என்ற நாட்டு வெடியும் கள்ள மின்வேலியும் தோட்டங்களை விட்டுப் போகாது. அவை கொல்வது பன்றியை மட்டுமல்ல. மாட்டையும், யானையையும், வரப்பில் நடக்கும் மனிதரையும்.

பன்றியின் தோளில் குண்டு எங்கே பட வேண்டும், ரவையா ஒற்றைக் குண்டா என்பதையும் இந்த வாரமே சொல்வதாக இருந்தேன்; .315 இடத்தைப் பிடித்துக்கொண்டது. அடுத்த வாரம் அதைப் பார்ப்போம். 1755இல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக் கைவினைஞர்களின் துணையோடு இங்கே ஆயுதச்சாலை அமைத்த கதையும் அப்போது வரும்.